ஓசூர் பஸ் ஏறிப்போன எலிசாவுக்கு

அருளு, உன் அப்பன் பேசுகிறேன். பேசுகிறேன் என்று எழுதிப் பழகிவிட்டது. உண்மையில் பேச்சு நின்று சில மாதமாகிறது. இப்போது என் வாயிலிருந்து வருவது, காற்றடித்தால் தகரக் கதவு போடுகிற சத்தம் என்று உன் அம்மா சொல்கிறாள். திருநாள் மலருக்கு உபதேசியாரின் ஆசியுரை ஒரு பக்கம் வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டார். வருடாவருடம் நான் எழுதிக் கொடுக்கும் ஆசியுரையை நானே இரண்டாம் முறை படித்தது கிடையாது. ஊர் எப்படிப் படிக்கும்? அதனால் இந்த வருடம் அந்த இடத்தில் உனக்கு ஒரு கடிதம். தனியாக எழுதிப் போட்டால் நீ பிரிக்க மாட்டாய். ஊருக்குப் போட்டால் ஊரே படித்து, தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்து, ஓசூருக்கு வந்து உன் கம்பெனி வாசலில் நின்று ஒப்பிக்கும். இப்படி ஒரு தபால்துறை இருக்கும்போது நான் ஏன் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும்?

விஷயம் உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, செபமாலை சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, செத்தவரைக் குழிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எல்லாம் உபதேசியார் வேலை. எனக்கு முன் இருந்த பெரியவர் கண் மூடும் முன் அதை என்னிடம் கொடுத்தார். இந்தத் திருநாளன்று, தேர் நிலைக்கு வந்ததும், நான் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். தொண்டை போய்விட்டது, இனிமேல் பாடினால் இருக்கிற தகரச் சத்தமும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இன்னொருவர் நீயாக இருப்பாய் என்று ஊர் நினைத்தது, நான் நினைத்தேன், கோயில் பல்லிகூட நினைத்திருக்கும். நீ உன் பெரியம்மா மகனிடம் சொல்லியனுப்பினாய்: “அப்பாவ யாருக்குக் குடுக்கணுமோ குடுத்துடச் சொல்லு, எனக்கு ஒண்ணும் இல்ல.” எனக்கு ஒன்றும் இல்லை! யாராவது காப்பி வேண்டுமா என்று கேட்டால் சொல்லுகிற வார்த்தை அது.

நான் வேதத்தில் வரும் தீர்க்கதரிசி எலியாவையும் அவர் சீடன் எலிசாவையும் கட்டிக்கொண்டு அழுகிறவன் என்று உனக்கே தெரியும். சின்ன வயதில் உன்னைத் தூங்க வைக்க அந்தக் கதையைத்தான் சொன்னேன். நீ தூங்கிவிட்டாய் என்பது இப்போதுதான் புரிகிறது. எலிசா வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். எலியா அந்தப் பக்கமாகப் போகிறவர், தன் போர்வையை எடுத்து அவன்மேல் போடுகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மாட்டை அடித்து, ஏர்க்கட்டையை விறகாக்கி, ஊருக்கே விருந்து வைத்துவிட்டு அவர் பின்னால் போகிறான். நானும் செய்து பார்த்தேன். நம் கோயில் உபதேசியார்களுக்கென்று ஒரு கருப்புக் கம்பளி உண்டல்லவா, பெரியவர் என் தோளில் போட்டது. போன வருடம் லீவுக்கு வந்த நீ கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாய். நான் சத்தமில்லாமல் பின்னால் வந்து கம்பளியை உன்மேல் போட்டேன். “அப்பா, வேர்க்குது” என்று எடுத்து வரப்பில் வைத்துவிட்டுக் களையைத் தொடர்ந்தாய். போர்வையைப் போட்டால் பின்னால் வருவான் என்றுதான் வேதத்தில் இருக்கிறது. தர்மபுரி ஜில்லாவில் போட்டால் வேர்க்கும் என்று எழுதவில்லை. எலிசா மாட்டை விட்டுவிட்டு எலியாவோடு போனான். நீ மாட்டையும் விற்று, எலியாவையும் விட்டு, ஓசூர் போனாய்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எலியாவும் ஒரு நாள் வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே படுத்துக்கொண்டு, “போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்” என்றார். நானும் படுத்தேன். நம் வீட்டில் செடி இல்லாததால் கட்டிலில். அவருக்கு வானதூதர் வந்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எனக்கு உன் அம்மா களியையும் கீரைக்குழம்பையும் தட்டில் போட்டுக்கொண்டுவந்து, “எந்திரிங்க, கோவத்துல படுத்தா களி கல்லாப் போயிரும்” என்றாள். அந்த இடத்தை நிதானமாகப் படித்துப் பார், அருளு. எலியா புலம்பும்போது கடவுள் வாதாடவில்லை. ஊட்டினார், தூங்க விட்டார், மறுபடி ஊட்டினார். அதன் பிறகுதான் பேச்சு. எலியா சொல்கிறார்: நான் ஒருத்தன்தான் மிச்சம், வேறு யாரும் இல்லை. கடவுள் சொல்கிறார்: உன்னைத் தவிர ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள், போய் உன் இடத்துக்கு எலிசாவை அபிஷேகம் பண்ணு. மனுஷன் கோபத்தில் ராஜினாமா நீட்டினார். மேலிடம் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டது! நான் பல வருடமாகச் சாமியாரிடம், “என்னை விட்டா இந்தக் கோயிலுக்கு யாருங்க இருக்காங்க?” என்று சலித்துக்கொண்டேன். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்துச் சொல்வது அது. இந்த முறை, “சரிங்க உபதேசியாரே, யாரையாச்சும் பாருங்க” என்று சொல்லிவிட்டார்.

சரி, இப்போது உன்மேல் எனக்கிருக்கிற பெரிய வருத்தத்துக்கு வருகிறேன். எலியா அக்கினி ரதத்தில் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் நாளில் என்ன நடந்தது? மூன்று முறை எலிசாவிடம், “நீ இங்கேயே இரு, ஆண்டவர் என்னை அந்த ஊருக்கு அனுப்புகிறார்” என்கிறார். மூன்று முறையும் அவன், “உம்மை விட்டுப் பிரிய மாட்டேன்” என்று ஒட்டிக்கொண்டு வருகிறான். ஈஸ்டருக்கு மறுநாள் நாம் இருவரும் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நீ ஓசூருக்கு. உன்னைப் பார்த்து, வேண்டுமென்றே வேதத்தில் உள்ளபடியே சொன்னேன்: “நீ இங்கயே இருடா. டாக்டர் என்னைக் கூப்பிட்டிருக்காரு.” நீ, “உங்களை விட்டுப் போக மாட்டேங்கப்பா” என்று சொல்ல வேண்டிய இடம் அது. நீ, “சரிங்கப்பா” என்றாய். நான் திரும்பி வந்தபோது நீ இல்லை. டீக்கடைக்காரர், “தம்பிக்கு ஷிப்டுக்கு நேரமாயிருச்சாமுங்க, ஓசூர் பஸ் வந்துச்சு, ஏறிட்டாருங்க” என்றார். தொண்டை இனித் தேறாது என்று டாக்டர் சொன்ன செய்தியை நான் முதலில் சொன்னது அந்த டீக்கடைக்காரரிடம். அவர் நல்ல மனுஷர், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார்.

உன் அம்மாவிடம் இதைச் சொல்லி முறையிட்டேன். “இங்கயே இருன்னு சொன்னீங்க, இருந்தான். பஸ் வந்துச்சு, போனான். இதுல என்னுங்க தப்பு?” என்றாள். “அது பரிட்சைடி” என்றேன். “பரிட்சைன்னா பசங்ககிட்ட முன்னாடியே சொல்லுவாங்க. சொல்லாம வைக்கிறதுக்குப் பேரு வேற” என்று முறத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் திருந்தவில்லை. அதே பரிட்சையை ஊரில் இன்னும் இரண்டு பேருக்கு வைத்தேன். மே மாதம் மாதாவின் சின்னச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டில் மூன்று ஊருக்கும் நடந்துபோய்ச் செபம் சொல்வது நம் வழக்கம். சுரூபத்தைத் தூக்க ஒரு ஆள் கூட வர வேண்டும். முதல் தடவை மைக்செட் சூசையைக் கூப்பிட்டேன். உனக்குத் தெரிந்த சூசைதான், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் குழாய் கட்டுகிறவர். தொண்டை தேவைப்படாத உபதேசியார் அவர் ஒருவர்தான் என்று சாமிக்கும் ஒரு யோசனை. முதல் ஊர் எல்லையில் வேப்பமர நிழலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, “சூசை, நீ இங்கயே இரு. ஆண்டவர் என்னை அடுத்த ஊருக்கு அனுப்புறாரு” என்றேன். கண்ணைத் திறந்தபோது அவர் ஏற்கெனவே துண்டை விரித்துவிட்டிருந்தார். “ரொம்ப நல்லதுங்க உபதேசியாரே, காலு வலி வேற” என்றார். மாதாவையும் மெழுகுவர்த்திப் பையையும் மீதி இரண்டு ஊருக்கும் நானே சுமந்தேன். எலியாவுக்கு ஏன் அக்கினி ரதம் தேவைப்பட்டது என்பது அன்று என் இடுப்புக்கு விளங்கியது.

இன்னொரு ஆள் ஸ்டெல்லா. நம் பால்வாடி டீச்சர், என் ஒன்றுவிட்ட தங்கச்சி மகள். உனக்கு முறைப்பெண் என்பதை நீ மறந்தாலும் ஊர் மறக்கவில்லை. அவளை நானாகத் தேடிப் போகவில்லை. ஒரு சாயங்காலம் சூசை மூச்சிரைக்க ஓடிவந்தார். “உபதேசியாரே, மேட்டுக்காட்டுல அந்த ஸ்டெல்லாப் பொண்ணு ஜனத்தை உக்கார வெச்சுச் செபமாலை சொல்லுதுங்க! உங்களைக் கேக்காம எப்படீங்க? வந்து நிறுத்துங்க!” மோசேயிடமும் இப்படித்தான் அவர் சீடன் யோசுவா வந்து நின்றான். எல்தாது, மேதாது என்று இரண்டு பேர் கூடாரத்துக்கு வராமலே பாளையத்தில் நின்று தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள், தடுத்துவிடும் என்று. மோசே என்ன சொன்னார் தெரியுமா? எனக்காக நீ பொறாமைப்படுகிறாயா, ஆண்டவருடைய ஜனம் மொத்தமும் தீர்க்கதரிசிகளாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். அப்பேர்ப்பட்ட பெருந்தன்மை. இதை ஞானோபதேச வகுப்பில் நானே கண் கலங்க நடத்தியிருக்கிறேன். சூசையிடம் நான் கேட்டது வேறு. “எத்தனை பேரு வந்திருக்காங்க?” என்று கேட்டேன். “நம்ம கோயிலுக்கு வர்றதவிட ஜாஸ்திங்க” என்றார். செருப்பைத் தேடினேன்.

போய்ப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளும், வேலை முடிந்து வந்த பெண்களும், நான் ஈஸ்டருக்குக்கூடப் பார்த்திராத சில ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். செபத்தில் ஒரு குற்றம் கண்டுபிடித்துவிடலாம் என்று ஓரமாக நின்று கேட்டேன். ஒரு மந்திரம் கூடுதலாகப் போயிற்று, அவ்வளவுதான். முடிந்ததும், “யாரும்மா உனக்கு அனுமதி குடுத்தது?” என்றேன். “அனுமதி கேக்கத்தான் மூணு நாளா உங்க வூட்டுக்கு வந்தேன் மாமா. தொண்டை சரியில்ல, பேசமாட்டாருன்னு அத்தை சொன்னாங்க. பேசாதவருகிட்ட என்னத்தக் கேக்கறது?” என்றாள். தலையில் ஏதோ யோசனை ஓடியது; சரி, இவளுக்கும் அந்தப் பரிட்சையை வைத்துத் தோற்கடித்துவிடலாம் என்று அடுத்த சுற்றுக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

பிள்ளையை இடுக்குவதுபோல மாதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். முதல் ஊர் எல்லையில் சொன்னேன்: “நீ இங்கயே இரும்மா. நான் மட்டும் அடுத்த ஊருக்குப் போயிட்டு வந்துடறேன்.” நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏனுங்க மாமா, மாதா எங்கிட்ட இருக்குது. நீங்க மட்டும் போயி ஜனத்துக்கு என்னத்தக் காட்டுவீங்க, உங்க மூஞ்சியவா?” இரண்டாவது ஊரில், “வெயில் ஜாஸ்தி, இங்கயே இரும்மா” என்றேன். “வெயில் எனக்கு மட்டுந்தான் அடிக்குதுங்களா? நடங்க, நடங்க.” உம்மை விட்டுப் பிரிய மாட்டேன் என்று எலிசா சொன்னதைக் கிட்டத்தட்ட அவளும் சொல்லிவிட்டாள், பயபக்தி மட்டும் கொஞ்சம் குறைவு. எனக்குக் கோபம்தான் வந்தது. யாரிடமிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தேனோ அவன் வாயிலிருந்து வராமல், யாரைத் தோற்கடிக்கக் கூட்டிவந்தேனோ அவள் வாயிலிருந்து வந்தால் கோபம் வராதா?

மூன்றாவது ஊருக்குப் போனால் சாவு. சின்னப்பன் என்கிற பெரியவர் காலையில் இறந்திருந்தார். சாமிக்கு ஆள் போயும் அவர் ஊரில் இல்லை. என்னைப் பார்த்ததும், “உபதேசியார் வந்துட்டாரு” என்று பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். அந்த ஊரில் கல்லறை ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆறு என்று பேர்தான். மழை பொய்த்துப்போய் மணலும் முள்ளுமாகக் கிடக்கிறது. பெண்கள் இந்தக் கரையோடு நின்றுவிட வேண்டும், ஆண்கள் மட்டும் தாண்டிப்போய்ப் புதைப்பார்கள். எத்தனையோ காலத்து வழக்கம். கரையில் ஸ்டெல்லாவிடம், “நீ இங்கயே இரும்மா” என்றேன். இந்தத் தடவை பரிட்சை இல்லை, உண்மையாகவே சொன்னேன். அவளும், “சரிங்க மாமா” என்று பெண்களோடு நின்றுகொண்டாள்.

குழி மேட்டில் நின்று செபத்தை ஆரம்பித்தேன். “நித்திய இளைப்பாற்றியை” என்று எடுத்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. இருமினேன், மறுபடி எடுத்தேன், காற்றுத்தான் வந்தது. பெட்டியைக் கயிற்றில் பிடித்தவர்கள் பிடித்தபடி நிற்கிறார்கள். சூசையும் வந்திருந்தார், அவரைப் பார்த்தேன். “மைக்கு இல்லாம வராதுங்க” என்று தரையைப் பார்த்தார். ஐம்பது ஆண்கள் இருந்திருப்போம், ஒருவருக்கும் முழுதாகத் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான். எல்லாச் செபத்துக்கும் பதில் சொல்ல மட்டும் பழக்கி வைத்திருந்தேனே தவிர, எடுத்துச் சொல்ல ஒருவரையும் பழக்கவில்லை. அப்போது அந்தக் கரையிலிருந்து நான் விட்ட இடத்தை யாரோ எடுத்தார்கள். குரல் வர வரப் பெரிதாயிற்று. திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லா மாதாவை இடுக்கிக்கொண்டு மணலில் இறங்கி நடந்து வருகிறாள்.

“பொம்பள ஆத்தத் தாண்டக்கூடாதும்மா!” என்று செத்தவரின் தம்பி கத்தினார். அவள் நிற்காமலே, “பெரியவரு வெயில்ல கெடக்கறாருங்க. நீங்க செபத்தச் சொல்லுங்க, நான் நின்னுக்கறேன்” என்றாள். ஒருவரும் சொல்லவில்லை. அவர் அடுத்து வாயைத் திறப்பதற்குள் கரையிலிருந்து சின்னப்பனின் சம்சாரம், அந்தக் கிழவி, “வுடுங்கடா அவள! எம் புருசனுக்குச் செபம் வேணும்” என்று கத்திக்கொண்டே தானும் இறங்கிவிட்டாள். பின்னாலேயே மற்ற பெண்களும். தன் புருஷனைப் புதைத்த குழியைக் கண்ணால் பார்த்தவள் அந்த ஊரில் அவளுக்கு முன்னால் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எலியா விட்டுப்போன போர்வையால் எலிசா யோர்தான் ஆற்றை அடித்தான், தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது என்று படித்திருக்கிறோம். தண்ணீர் ஓடுகிற ஆற்றைப் பிளந்துவிடலாம், அருளு. தண்ணீரே இல்லாத ஆற்றில் எத்தனையோ காலமாகத் தேங்கி நிற்பதைப் பிளப்பதுதான் கஷ்டம். இன்னொன்றையும் ஊர் தெரிந்துகொள்ளட்டும்: அவள் மணலில் இறங்கியதும் என் கை தானாக மேலே போயிற்று, நிறுத்து என்று சொல்ல. தொண்டையில் குரல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஏன் ஆண்டவரே என் தொண்டையை எடுத்தீர் என்று அத்தனை நாள் சண்டை போட்டேனே, அதற்குப் பிறகு போடவில்லை. கோபம் தீரவில்லை, கேள்விதான் தீர்ந்தது.

திரும்பி வரும் வழியில் அவள், “மாமா, கல்லறைச் செபத்த எனக்கு முழுசாச் சொல்லித் தாங்க. கேட்டுக் கேட்டு அரைகுறையாக் கத்துக்கிட்டது போதும்” என்றாள். எலிசா எலியாவிடம் கேட்டது ஞாபகம் வந்தது: உம்முடைய ஆவியில் எனக்கு இரண்டு பங்கு வேண்டும். பேராசை பிடித்தவன், குருவைவிட இரட்டிப்பு வேண்டுமாம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சாமியார்தான் விளக்கினார். அந்தக் காலத்துச் சட்டப்படி அப்பன் சொத்தில் மூத்த மகனுக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. எலிசா கேட்டது மூத்த மகனின் பங்கை. என்னை உம் மகனாக வைத்துக்கொள்ளும் என்று கேட்டிருக்கிறான். அன்று அவள் என்னிடம் கேட்டதும் உன் பங்கைத்தான், அருளு. இதை உன்னிடம் சொல்லாமல் கொடுக்க மனசு வரவில்லை. நீ ஒன்றும் இல்லை என்று சொன்ன அந்த ஒன்றை, இன்னொருத்தி வெயிலில் நடந்து, திட்டு வாங்கி, கேட்டு வாங்கினாள்.

உடனே எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்ததையும் மறைக்கவில்லை, எப்படியும் உன் அம்மா சொல்லிவிடுவாள். ஸ்டெல்லாவை உனக்கே கட்டிவைத்துவிட்டால் உபதேசியார் வேலை வீட்டுக்குள்ளேயே இருக்குமே என்று கணக்குப் போட்டேன். உன் அம்மா, “நீங்க பையனுக்குப் பொண்ணு பாக்குறீங்களா, கம்பளிக்குப் பொண்ணு பாக்குறீங்களா?” என்றாள். விடாமல் ஸ்டெல்லாவிடமே ஜாடையாகக் கேட்டேன். அவள் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பை இந்த மலரில் அச்சடிக்க முடியாது. “உங்க மகன் சரின்னுதான் சொல்லுவாரு மாமா. அவரு எதுக்குத்தான் சரின்னு சொல்லல? அதான் வேணாங்கறேன்” என்றாள். உன்னைப் பற்றி இவ்வளவு சரியாக நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீயும் கொஞ்சம் யோசி. என்னிடம் மறுத்துப் பேசினால் நான் கத்துவேன் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு உன் வழியில் போகக் கற்றுக்கொண்டாய். அதைக் கற்றுக்கொடுத்த வாத்தியாரும் நான்தான். ஆனால் ஓசூரில் உன் மேஸ்திரியிடமும், நாளைக்குக் கட்டிக்கொள்ளும் பெண்ணிடமும் இதையே செய்யாதே. முடியாது என்றால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல். சண்டை வரும், ஆனால் யாரும் பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

வேதத்தைப் புரட்டிப் புரட்டி உனக்கு எதிராக ஒரு வசனம் தேடினேன். அகப்பட்டதெல்லாம் எனக்கு எதிராகவே இருந்தது. ஆசாரியர் ஏலியின் பிள்ளைகள் முள்கரண்டியை விட்டுப் பலிச்சட்டியிலிருந்து கறி எடுத்துத் தின்றார்கள். ஏலியின் கையில் வளர்ந்த சாமுவேல், யாரோ பெற்ற பிள்ளை, அவன்தான் கூப்பிட்ட குரலைக் கேட்டான். அந்தச் சாமுவேல் கிழவனானதும் புத்தி போகிறது, தன் பிள்ளைகளையே நியாயாதிபதிகளாக உட்கார வைக்கிறார். அவர்கள் லஞ்சம் வாங்குகிறார்கள். மோசேக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு, அவர்கள் பேரே பாதிப் பேருக்குத் தெரியாது. யோசுவா தலையில் கை வைத்தார் மோசே, அதுவும் எப்படி? யாருக்கும் தெரியாமல் காதில் ஓதவில்லை. சபை முழுவதும் பார்க்க நிற்க வைத்து, தன் அதிகாரத்தில் பங்கு கொடுத்தார். இனி ஜனம் அவன் பேச்சைக் கேட்க வேண்டும் என்றால், தான் உயிரோடு இருக்கும்போதே தன் கையால் கொடுக்க வேண்டும் என்பது அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. தீர்க்கதரிசிகள் வீட்டில் நிலம் பிள்ளைகளுக்குப் போயிருக்கலாம், ஆடு மாடு போயிருக்கலாம். அழைப்பு போகவில்லை. அது அப்பன் கொடுக்கிற சொத்தாக இருந்திருந்தால் கடவுளுக்கு அங்கே என்ன வேலை?

ஆகவே தேர் நிலைக்கு வந்ததும் எல்லார் முன்னாலும் கருப்புக் கம்பளியை ஸ்டெல்லாவிடம் கொடுக்கப்போகிறேன். சாமி சம்மதித்துவிட்டார். ஊரில் பாதிப்பேர் முணுமுணுக்கிறார்கள், மீதிப்பேர் அந்த முணுமுணுப்பை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். சூசை குழாய் கட்டித் தருகிறேன் என்றிருக்கிறார், அதுவே பெரிது. எனக்குச் சந்தோஷமா என்று கேட்காதே. எரிச்சலாகத்தான் இருக்கிறது. பாதிச் செபத்தில் அவள் ராகத்தை மாற்றுகிறாள். மணியை இரண்டு நிமிடம் முன்னாலேயே அடிக்கிறாள். எலியா அக்கினி ரதத்தில் ஏறி மேலே போய்விட்டார், அவருக்கென்ன. எலிசா எப்படி நடத்தினான் என்று கீழே உட்கார்ந்து பார்க்கிற கஷ்டம் அவருக்கு இல்லை. எனக்கு ரதம் வரவில்லை. நான் இங்கேயேதான் இருக்கப்போகிறேன்.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போன ஞாயிறு அவள் செபம் நடத்தட்டும் என்று நான் கீழே இறங்கி ஆண்கள் பக்கம் வந்தேன். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை, அருளு. இத்தனை வருடம் அந்தக் கோயிலில் ஜனத்தைப் பார்த்து நின்றிருக்கிறேனே தவிர, ஜனத்தோடு உட்கார்ந்ததில்லை. முன்னால் உட்கார்ந்தால் அவள் ஒவ்வொரு வரிக்கும் என் முகத்தைப் பார்க்கிறாள். நடுவில் உட்கார்ந்தால் சுற்றி இருக்கிறவர்கள் நகர்ந்து வட்டமாக இடம் விடுகிறார்கள், அம்மை வந்தவனுக்கு விடுவதுபோல. நீ எப்போதும் வாசல் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவாய், மேடையிலிருந்து உன்னை முறைத்திருக்கிறேன். பிரசங்கம் ஆரம்பித்ததும் அந்தத் தூண் ஆட்களெல்லாம் ஒவ்வொருவராக எழுந்து புளியமரத்தடிக்குப் போவீர்கள். பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்குச் சரியாக ஒருவர் தவறாமல் திரும்பி வந்து நிற்பீர்கள். உள்ளே நடப்பது காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திருநாளுக்கு லீவு கேட்டுக்கொண்டு வா. தூணுக்குப் பக்கத்தில் உன்னை ஒட்டி எனக்கும் கொஞ்சம் இடம் போட்டு வை. எப்போது எழுந்து போக வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்பதை எனக்கு நீதான் சொல்லித்தர வேண்டும்.